ஒரு கொப்பி அங்கே, ஒரு கொப்பி இங்கே

அம்மன் துணை

புளியங்கூடல்,
12.11.1989

அன்புள்ள தம்பி பரராசசிங்கத்துக்கு,

நீங்கள் ரொறன்ரோ போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்து ஆறுதலடைந்தோம். இங்கு நானும் உங்கள் மாமி அன்னபூரணமும் மனோகரியும் சுகம். மாமியின் முழங்கால் நோ மட்டும் மாரியோடு கூடிவிட்டது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். நெஞ்சை மூடி உடுத்தவும்.

மனோகரியைக் கனடாவுக்கு அழைப்பதற்கான படிவங்களைக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. அதை வாசித்த பின்தான் எனக்கு ஒரு பயம் பிடித்தது. கலியாணத்தன்று காலை இராணுவச் சுற்றிவளைப்பு நடந்ததால் பதிவுகாரர் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து படம் எடுப்பவரும் வரவில்லை. நீங்களும் உடனே விமானத்துக்குப் புறப்பட வேண்டியதாயிற்று. ஆகவே என் மகள் உங்கள் மனைவி என்பதற்கு, ஊராரின் வாயைத் தவிர இருக்கும் ஒரே சாட்சி ஊர்காவற்றுறை அருளப்பு எடுத்த வீடியோதான். மூலம் உங்களிடம். அதிலிருந்து பதிந்த கொப்பி ஒன்று என்னிடம்.

நான் நில அளவைக் கந்தோரில் காணிப்படம் வரைந்தே சேவைக்காலத்தைக் கழித்தவன். துணியில் கீறிய படம் எவ்வளவு காலம் இருக்கும், தாளில் கீறியது எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்டால் ஓரளவு சொல்வேன். இந்தக் கறுப்பு நாடாவைப் பற்றி ஒன்றும் அறியேன். இங்கத்தைய உப்புக்காற்று தையல் மெசினின் ஊசியையே தின்கிறது. ஆகவே கொப்பியை மனோகரியின் கூறைச்சேலைக்கு நடுவில் வைத்து மடித்து, ரங்குப்பெட்டியில் வைத்து, சேலைக்கு வழக்கமாகப் போடுவதிலும் கூடுதலாகப் பூச்சி உருண்டை போட்டிருக்கிறேன்.

நீங்கள் வீடியோக் கடையில் வேலை செய்வதால் கேட்கிறேன். நாடா எத்தனை வருடம் தாங்கும்? கொம்பியூட்டருக்குரிய தட்டுகள் வந்திருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். அவற்றில் மாற்றி வைத்தால் நிலைக்குமா? விசாவுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்று கேள்வி. சாட்சி அதுவரை உயிரோடிருக்க வேண்டுமே.

அன்புள்ள மாமா,
த. அரியநாயகம்

●

ரொறன்ரோ,
06.01.1990

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் அம்மன் துணை நிற்கட்டும். மாமியின் முழங்காலுக்கு இங்கேயிருந்து ஒரு களிம்பு அனுப்புறன்.

நாடா பத்துப் பதினைஞ்சு வருசம் எண்டு முதலாளி சொல்லுறார். ஓடவிட்டால் தேயுமாம். ஓடவிடாமல் வைச்சால் ஒட்டிப் பிடிக்குமாம். கொம்பியூட்டருக்குள்ளே இருக்கிற ஹாட் டிஸ்க்கைப் பற்றியும் விசாரிச்சனான். எங்கட கலியாணத்தைப் போடுறதெண்டால் தாலி கட்டுற அந்த ஒரு நிமிசத்துக்கே அதிலே இடம் காணாதாம். அதுவும் நாலைஞ்சு வருசத்திலே ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகுமாம். கடைக்கு வாற ஒரு வெள்ளைக்காரர் கொம்பியூட்டர்க் கொம்பனியிலே வேலை. அவர் சொன்னார், எதிலே வைச்சாலும் ஒன்றை நம்பக்கூடாது, ரெண்டாவது கொப்பி வேறை வீட்டிலே இருக்கவேணும் எண்டு. நல்ல காலம், எங்களுக்கு அப்படித்தானே இருக்கு.

மாமா, ஒரு உதவி. உங்களிட்டை உள்ள கொப்பியிலே இருந்து அருளப்பரைக் கொண்டு இன்னொரு கொப்பி எடுத்து அனுப்ப ஏலுமோ? முக்கியமாய் முதல் பகுதி. பந்தி, சாப்பாடு எல்லாம் தேவையில்லை.

மனோகரிக்கு என் சுகம் சொல்லவும்.

இப்படிக்கு,
பரராசசிங்கம்

●

அம்மன் துணை

புளியங்கூடல்,
18.02.1990

அன்புள்ள தம்பி பரராசசிங்கத்துக்கு,

களிம்பு வந்தது. மாமி பூசுகிறாள், மணம் பிடிக்கவில்லை என்றும் சொல்கிறாள். மற்றப்படி யாவரும் சுகம். உங்கள் தேகநிலையைக் கவனித்துக்கொள்ளவும்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. என் அறிவுக்குறையாக இருக்கலாம். மூலம் உங்கள் கையில் இருக்க, கொப்பியிலிருந்து கொப்பி கேட்கிறீர்கள். மூலப்படம் மேசை லாச்சிக்குள் இருக்கும்போது நகலின் மேல் நகல் எடுக்க எங்கள் கந்தோரில் விடமாட்டார்கள். ஒவ்வொரு தரமும் கோடு மயிரளவு விலகும். கடைசியில் ஒருவருடைய கிணறு மற்றவருடைய வளவுக்குள் போய்விடும். ஆகவே நீங்கள் மூலத்திலிருந்து ஒன்று எடுத்து எனக்கு அனுப்புவதே முறை என்று நினைக்கிறேன். பிழையென்றால் மன்னிக்கவும்.

இன்னுமொன்று. எங்கள் ஊரில் ஒருவர், பெயர் வேண்டாம், தன்னுடைய வீடியோக் கொப்பியைப் பூச்சி உருண்டையோடு பெட்டியில் வைத்திருந்தார். திறந்து பார்த்தால் பிளாஸ்ரிக் உறை இளகி, சுற்றியிருந்த சேலையின் நெசவு அதில் பதிந்து கிடக்கிறதாம். உள்ளே நாடா தப்பியிருக்குமா? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

அன்புள்ள மாமா,
த. அரியநாயகம்

●

ரொறன்ரோ,
05.04.1990

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். அங்கேயும் எல்லாரும் அப்படியே இருக்கவேணும்.

முதலிலே அந்த ஊர் ஆளின் விஷயம். கொப்பியை வீடியோ டெக்குக்குள்ளே போடவேண்டாம் எண்டு உடனே சொல்லுங்கோ. போட்டால் டெக்கும் போகும், நாடாவும் போகும். உறையைத் திறந்து நாடாவை வேறை உறைக்கு மாற்றலாமாம். பூச்சி உருண்டை பிளாஸ்ரிக்குக்குக் கூடாது. அதை எடுத்து எறியச் சொல்லுங்கோ.

மூலத்தைப் பற்றி நீங்கள் எழுதினது சரிதான். ஆனால் அதை அடிக்கடி ஓடவிடாமல் வைச்சிருக்கிறது நல்லதெண்டு நினைக்கிறன்.

என்னோடை இருக்கிற ஒரு சிநேகிதருக்கும் ஒரு கரைச்சல். அவருடைய கொப்பி ஒன்றிலே யாரோ தெரியாமல் வேறொன்றை மேலே பதிஞ்சுபோட்டினம். கீழே இருந்ததை எடுக்க ஏலுமோ எண்டு கண்ட ஆக்களையெல்லாம் கேட்டுத் திரிஞ்சார். ஏலாதாம். ஒருக்கா மட்டும் எழுதக்கூடிய தட்டு ஒன்று இப்ப இருக்குதாம். அதிலே எழுதினால் மேலே ஒருத்தரும் எழுத ஏலாது. நூறு வருசம் இருக்கும் எண்டு சொல்லி விக்கினம். அது வந்தே பத்து வருசம் ஆகேல்லை. நூறு வருசத்தை ஆர் இருந்து பார்த்தது? எண்டாலும் முந்தியே அப்படியொன்று கையிலே இருந்திருந்தால் எண்டு அந்தச் சிநேகிதர் நினைச்சு நினைச்சுச் சாப்பிடுறதும் இல்லை.

மனோகரிக்கு என் சுகம் சொல்லவும்.

பரராசசிங்கம்

●

புளியங்கூடல்,
02.05.1990

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமோ எண்டு கேக்கிறதுக்குத்தான் முதல் முதலாய் நேரை எழுதுறன். கடிதம் அப்பாவுக்குத் தெரியாது.

எங்கடை வீட்டிலை கடிதம் அப்பாவின்ரை பேருக்குத்தானே வரும். அவர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு, பென்சிலாலை கோடு கீறிக் கீறி வாசிச்சு முடிச்சு மேசையிலை வைப்பார். நான் பிறகு எடுத்துப் பாப்பன். எல்லாத்துக்கும் அடியிலை ஒரு வரியிலை நான் இருப்பன்.

அந்த ஊர் ஆள் அப்பாதான். போன கிழமை அருளப்பு அண்ணை வந்து கொப்பியைப் பாத்தவர். "ஐயா, இதென்ன, வெய்யிலிலை வைச்ச பனங்கட்டி மாதிரிக் கிடக்கு" எண்டார்.

அப்பா மெல்லமாய், "கூறைக்கு நல்லதெண்டுதான்..." எண்டார்.

"கூறை பட்டுநூல் ஐயா. இது பிளாஸ்ரிக். உருண்டையின்ரை ஆவி பிளாஸ்ரிக்கை இளக்கிப்போடும்."

அம்மா குசினிக்குள்ளை அடுப்படியிலை நிண்டு கத்தினா: "கூறை புதுசு மாதிரி இருக்குது. அதைக் கட்டிக்கொண்டுபோய்க் காட்டட்டும். கனடாக்காரன் கையெடுத்துக் கும்பிட்டு உள்ளை விடுவான்!"

அருளப்பு அண்ணை சிரிச்சிட்டார். அப்பா சிரிக்கேல்லை. அண்டு முழுக்கச் சாப்பிடவுமில்லை. "நான் தொட்டது ஒண்டும் விளங்காது" எண்டு சொல்லிக்கொண்டு இருந்தார். உங்களுக்கு எழுதச் சொன்னன். "மருமகன் என்ன நினைப்பார்" எண்டு பயப்பிடுறார்.

இனி உங்களிட்டை ஒண்டு கேக்கிறன். சாப்பிடாமல் திரியிற அந்தச் சிநேகிதருக்குப் பேர் என்ன? மூலம் கையிலை இருக்கிற மனிசன் கொப்பிக்குக் கொப்பி கேக்கமாட்டார். நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் ஒளிச்சு விளையாடுறியள். நடுவிலை நான் நிக்கிறன். எனக்கு உண்மையை எழுதுங்கோ. கோவிக்கமாட்டன். கோவிச்சாலும் அது எனக்கும் உங்களுக்கும் இடையிலைதானே.

உங்கள்,
மனோகரி

●

ரொறன்ரோ,
08.06.1990

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் சுகமாய் இருக்கவேணும். இந்தக் கடிதத்தைக் கதிரையிலே இருந்து வாசியுங்கோ.

அந்தச் சிநேகிதர் நான்தான்.

போன மார்கழியிலே நான் கடையிலே நின்ற நேரம், அறையிலே என்னோடை இருக்கிற பொடியன்கள் ரீவியிலே போன மல்யுத்தத்தைப் பதிய ஒரு வெறும் கொப்பி தேடியிருக்கிறாங்கள். எங்கட கொப்பிக்கு மேலே பேர் எழுதி ஒட்டாமல் வைச்சிருந்தது என்ரை பிழை. மூன்று ஆம்பிளையள் இருக்கிற அறையிலே, எல்லாரும் பார்க்கிற இடத்திலே, உங்கட மகளின் பேரை எழுதி ஒட்ட எனக்குக் கூச்சமாய் இருந்தது. ஒன்றும் எழுதாததை வெறும் கொப்பி எண்டு நினைச்சாங்கள். அவங்களிலும் பிழை சொல்ல ஏலாது.

இப்ப போட்டால் ரெண்டு தடியன்கள் ஒருத்தனை ஒருத்தன் தூக்கி எறியிறாங்கள். அது முடிய நேரே பந்தி. ஆக்கள் வரிசையாய் இருந்து சாப்பிடினம். நீங்கள் மோர் ஊத்திக்கொண்டு போறியள். என்ரை கலியாணத்திலே எனக்கு மிஞ்சினது அதுதான் மாமா.

இனி அங்கே உள்ளதைத்தான் நம்பியிருக்கிறன். அந்த ஊர் ஆளின் கொப்பி எப்படி இருக்கு? அவரிலே எனக்கு ஒரு கோவமும் இல்லை எண்டு சொல்லுங்கோ.

மனோகரிக்கு என் சுகம் சொல்லவும்.

பரராசசிங்கம்

●

மானிப்பாய்,
14.10.1990

அன்புள்ள தம்பி பரராசசிங்கத்துக்கு,

நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். இதை முதலில் எழுதிவிடுகிறேன். இந்தக் கடிதம் எப்போது கிடைக்குமோ தெரியாது. கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் ஆனிக் கடிதம் சண்டை தொடங்கியபின் வந்தது. வாசித்தேன். ஊர் ஆள் என்று எழுதியது என்னைத்தான். நீங்கள் அறிந்துகொண்டும் என்னைக் கூசவைக்காமல் எழுதியது என் மனதில் நிற்கிறது.

கரண்ட் நின்றுவிட்டதால் கொப்பியை ஓடவிட்டுப் பார்க்க வழியில்லை. அருளப்பு ஒரு பழைய சினிமாக் கொப்பியின் உறையைக் கழற்றி, எங்கள் நாடாவை அதற்குள் மாற்றித் தந்தார். "ஐயா, கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பாக்கிற மாதிரித்தான் செய்யிறன். உள்ளுக்கை படம் இருக்கோ இல்லையோ ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்" என்றார். நான் அவருக்கு உதவியாக விளக்கைப் பிடித்தேன். பிறகு மனோகரி வாங்கிப் பிடித்தாள்.

ஆவணியில் தீவுக்குள் ஆமி இறங்கியது. ஷெல் விழத் தொடங்கவே எல்லோருமாக வெளிக்கிட்டோம். அல்லைப்பிட்டி கடந்து, மண்டைதீவுச் சந்தி கடந்து, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணத்துக்கு நடந்தோம். மாமியை ஒரு சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளினோம். நான் காணி உறுதிகளையும் அடையாள அட்டைகளையும் கொப்பியையும் ஒரு பனையோலை உமலில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன். மற்றதெல்லாம் வீட்டில். உங்கள் கடிதங்களையும் எடுக்க மறந்துவிட்டேன், அதற்காக வருந்துகிறேன். அருளப்பு நடக்கமாட்டாத தாயாரை விட்டு வரமுடியாமல் பின்தங்கிவிட்டார். அவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. விசாரித்தால் ஊரார் தலையைக் குனிகிறார்கள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். மாமிக்கு இருமல். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

அன்புள்ள மாமா,
த. அரியநாயகம்

●

ரொறன்ரோ,
20.01.1991

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கட கடிதம் மார்கழியிலே வந்தது. அதுக்கு முதல் நாலு மாதம் நான் இருந்த இருப்பை எழுத ஏலாது. தீவுப்பகுதி எண்டு றேடியோவிலே சொன்னாலே கையிலே உள்ளதைக் கீழே வைச்சிடுவன்.

வைகாசியிலே கொழும்பிலே மனோகரிக்கு நேர்முகம். தூதரகத்தின் கடிதம் இதோடை வருகுது. எப்படியும் வெளிக்கிட அனுமதிப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வாங்கோ. கொப்பியையும் கொண்டுவாங்கோ. அங்கே கரண்ட் இருக்கு. முதலிலே ஒரு கடையிலே போட்டுப் பாருங்கோ.

மாமா, மனோகரி ஒருக்கா எனக்கு எழுதினவ. பதில் எழுத எத்தனையோ தரம் இருந்திட்டன். கலியாணத்துக்குப் பிறகு சரியாய் இருந்து கதைக்கவும் இல்லை. என்ன எழுதுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. உங்களுக்கெண்டால் நாடா, தட்டு எண்டு எழுதலாம். கை ஓடும். அதைத்தான் செய்துகொண்டு வந்தனான்.

மாமியின் இருமலுக்குக் கட்டாயம் டொக்டரிட்டைக் காட்டுங்கோ.

மனோகரிக்கு என் சுகம் சொல்லவும்.

பரராசசிங்கம்

●

வெள்ளவத்தை,
28.04.1991

அன்புள்ள தம்பி பரராசசிங்கத்துக்கு,

பாதை மூடியதால் கொம்படி வெளித் தண்ணீருக்குள்ளால் நடந்து, லொறி ஏறி, ஒருவாறு கொழும்பு வந்து ஒரு லொட்ஜில் இருக்கிறோம். மாமிக்கு இருமல் குறைவு. எனக்குக் காலில் புண். பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடவும்.

உமலைத் தலையில் வைத்துத்தான் தண்ணீரைக் கடந்தேன். கொப்பி நனையவில்லை.

நேற்று ஒரு வீடியோக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் உறையில் ஒட்டியிருந்த சினிமாப் பெயரைப் பார்த்து, "ஐயா, இது கலியாணமோ, சண்டைப் படமோ?" என்று கேட்டார். மாமி, "ரெண்டும்தான். போடும்" என்றாள்.

படம் வந்தது. கோடு கோடாக, ஆனாலும் வந்தது. நீங்கள் தலைப்பாகையோடு மணவறையில் இருந்தீர்கள். மனோகரியைக் கூட்டி வந்தார்கள். தாலித்தட்டைச் சபையில் எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்கக் கொண்டுபோனார்கள். தட்டைக் கொண்டுபோனவர் அருளப்புவைப் பார்த்து, "எங்களையும் படத்திலை விழுத்தும்" என்று பல்லைக் காட்டினார். மனோகரி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தட்டு ஐயரிடம் திரும்பி வந்தது. நீங்கள் எழும்பினீர்கள். அப்போது மெசின் ஒரு சத்தம் போட்டது. கடைக்காரர் பாய்ந்து நிற்பாட்டினார். நாடா உள்ளே ஒட்டிப் பிடித்துவிட்டது. அவர் இழுக்க இழுக்க இடியப்பம்போல வந்தது. விரலெல்லாம் கறுப்புத் தூள். "ஐயா, இந்த இடத்திலை பூச்சு உரிஞ்சு போச்சுது. இனி ஒருத்தராலும் ஏலாது" என்றார்.

தம்பி, நீங்கள் அறிந்து சொன்ன முறையில்தான் செய்தோம். ஒரு கொப்பி அங்கே, ஒரு கொப்பி இங்கே. இரண்டும் போய்விட்டன. உங்களுடையது கூச்சத்தால் போனது, என்னுடையது கவனத்தால் போனது. நேர்முகத்தில் என்ன காட்டுவது? நான் வேறு யாரிடமாவது பொறுப்பைக் கொடுத்திருக்க வேண்டும் என்று எண்ணி எண்ணி நித்திரையில்லை.

அன்புள்ள மாமா,
த. அரியநாயகம்

●

வெள்ளவத்தை,
18.05.1991

அன்புள்ள தம்பி பரராசசிங்கத்துக்கு,

மூவரும் சுகம். கால் புண் ஆறுகிறது. நேர்முகம் முடிந்தது. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். ஏதாவது விட்டிருந்தால் மனோகரி சொல்வாள்.

நான் வெளியே மர வாங்கில் இருந்தேன். சிறிது நேரத்தில் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார அம்மா ஒருவரும், மொழிபெயர்க்க ஒரு தமிழரும். வீடியோவின் கதையை மனோகரி ஏற்கனவே சொல்லியிருந்தாள். அந்த அம்மா அதைப் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை. கலியாண வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டாராம். பணம் கொடுத்தால் மேளமும் ஐயரும் எங்கேயும் கிடைக்கும் என்றாராம். அவர் கேட்டது ஒன்றுதான். புருஷன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் எங்கே?

நாடாவைக் காப்பாற்றத் தீவிலிருந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தவன், கடிதங்களைப் புளியங்கூடல் வீட்டு மேசையில் விட்டுவிட்டேனே என்று நினைத்தேன்.

மனோகரி தன் கைப்பையைத் திறந்து தாள்கட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். உங்கள் கடிதங்கள். நீங்கள் எழுதிய அத்தனையும். அவள் எப்போது எடுத்தாள், ஷெல் விழும்போது எங்கே செருகினாள், கொம்படித் தண்ணீருக்குள் எப்படிக் கொண்டுவந்தாள், எனக்கு ஒன்றும் தெரியாது. பிரித்துப் பிரித்து மடித்ததில் மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் தாள் வெட்டி ஒட்டியிருந்தாள்.

அந்த அம்மா ஒன்றை எடுத்து வாசிக்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஹாட் டிஸ்க் நாலைந்து வருடத்தில் சொல்லாமல் நின்றுபோகும் என்பதை வாசித்தார். இன்னொன்றில் பூச்சி உருண்டை பிளாஸ்ரிக்குக்குக் கூடாது என்பதை வாசித்தார். அவருக்கே சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார்.

"இவை தகப்பனுக்கு எழுதியவை. உனக்கு எழுதியது எது?"

மனோகரி சொன்னாள்: "எல்லாம் எனக்குத்தான். நான் அங்கை போய்ச் சேரவேணும் எண்டுதானே இவ்வளவும் விசாரிச்சு எழுதினவர்."

அந்த வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்து, ஏன் அவர் உங்களுக்கு எழுதினார் என்று கேட்டார். நான் இங்கிலீஷில் நன்றாகப் பேசுகிறவன் என்று கந்தோரில் பெயர். அன்றைக்கு ஒரு வசனம்தான் வந்தது. எங்கள் வீட்டில் கடிதம் என் பெயருக்கு வருவது வழக்கம், அந்த வழக்கம் சரியோ என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை என்றேன். அவர் கடைசிக் கடிதத்தை, தை மாதம் நீங்கள் எழுதியதை, முழுவதும் மொழிபெயர்க்கச் சொன்னார். கை ஓடும் என்று நீங்கள் எழுதிய இடம் வந்தபோது மொழிபெயர்ப்பாளரை நிறுத்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு எதையோ நெடுநேரம் எழுதினார். முடிவு தபாலில் வரும் என்றார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடிதங்களை வைத்துக்கொண்டார். மனோகரி வாசல்வரை வந்து, திரும்பிப்போய், அவை தனக்குத் திருப்பி வேண்டும் என்று கேட்டு, அதற்கு ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தாள். நான் என்றால் கேட்டிருக்கமாட்டேன்.

பஸ்ஸில் அவள் அந்தத் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

தம்பி, முடிவு எப்படி வருமோ, எப்போது வருமோ தெரியாது. அதுவரை இந்த லொட்ஜின் விலாசத்துக்கு எழுதவும். ஆனால் உறையில் என் பெயரை எழுதவேண்டாம். மனோகரியின் பெயரை எழுதவும். நான் பிரிக்கமாட்டேன். நாடா, தட்டு என்று எழுதினாலும் பரவாயில்லை, அவளுக்கு எழுதவும். என் சுகத்தை அடியில் ஒரு வரியில் விசாரித்தால் போதும்; அவள் சொல்லுவாள்.

அன்புள்ள மாமா,
த. அரியநாயகம்